மாத்திரைச் சீட்டு இருந்தால்தான் வகுப்பா? அமெரிக்கப் பள்ளிகளுக்குச் சட்டம் போட்ட கோடு

குறைபாடு உள்ள பிள்ளைகளுக்கான அமெரிக்காவின் சிறப்புக் கல்விச் சட்டத்தில் 2004-ஆம் ஆண்டு ஒரு சின்னப் பிரிவு சேர்ந்தது. பள்ளிக்கு வருவதற்கோ, சிறப்புக் கல்வி தேவையா என்று மதிப்பிடுவதற்கோ, அந்தச் சேவைகளைப் பெறுவதற்கோ, தவறாகப் பயன்படுத்தப்படக்கூடும் என்று அரசு கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்துள்ள ஒரு மருந்துக்குக் குழந்தை மருத்துவரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும் என்று பள்ளி ஊழியர் யாரும் நிபந்தனை வைக்கக் கூடாது. ஒவ்வொரு மாநிலமும் அதைத் தடை செய்தாக வேண்டும். படித்ததும், 'இதற்குப் போய் ஒரு சட்டமா? எந்தப் பள்ளி அப்படிக் கேட்கும்?' என்றுதான் தோன்றும். கேட்டார்கள் என்பதால்தான் சட்டம் வந்தது. அது எப்படி வந்தது, எதைத் தடுக்கிறது, எதைத் தடுக்காமல் விட்டுவிட்டது என்பதைப் பார்ப்போம்.

இந்தக் கதையில் திரும்பத் திரும்ப வரும் மருந்து மெத்தில்ஃபெனிடேட். கடைப்பெயர் ரிட்டலின். ஏடிஎச்டி எனப்படும் கவனக்குறைவும் மிகைத்துடிப்பும் சேர்ந்த நிலைக்குத் தரப்படுவது. பல குழந்தைகளுக்கு இது நன்றாகவே வேலை செய்கிறது. அதில் எனக்கு ஐயம் இல்லை. பசி குறைவது, தூக்கம் வராமல் போவது, வயிற்றுவலி, தலைவலி ஆகியவை அறியப்பட்ட பக்கவிளைவுகள். 1971-ல் அமெரிக்க அரசு இதைக் கட்டுப்பாட்டு மருந்துகளின் இரண்டாம் பட்டியலில் வைத்தது. மார்ஃபின் இருப்பதும் அதே பட்டியலில்தான். அப்படிப்பட்ட மருந்தைக் கொடுப்பதா நிறுத்துவதா என்பதை மருத்துவரும் பெற்றோரும் சேர்ந்து முடிவு செய்ய வேண்டும். பள்ளிக்கு அதில் எந்த அளவுக்கு இடம் என்பதுதான் கேள்வி.

ஒமாஹாவிலிருந்து டெர்ரி வரை

1970 ஜூன் மாத இறுதியில் வாஷிங்டன் போஸ்ட் ஒரு செய்தி வெளியிட்டது. நெப்ராஸ்கா மாநிலத்தின் ஒமாஹா நகரில் 62,000 பள்ளிப் பிள்ளைகளில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு நடத்தையைக் கட்டுப்படுத்தும் மருந்து தரப்படுகிறது என்றது அந்தச் செய்தி. அந்த எண்ணிக்கை மிகையானது என்று பிறகு மறுப்பு வந்தது. ஆனாலும் நாடு முழுக்கப் பெற்றோர் மிரண்டுபோனார்கள். நியூ ஜெர்சி உறுப்பினர் கொர்னீலியஸ் கேலகர் தலைமையில் அதே ஆண்டு செப்டம்பரில் நாடாளுமன்றத் துணைக்குழு விசாரணை நடத்தியது. அது தனியுரிமை பற்றிய துணைக்குழு என்பதைக் கவனிக்க வேண்டும். மருந்து நல்லதா கெட்டதா என்பதைவிட, குழந்தையின் உடலுக்குள் என்ன போகிறது என்பதில் அரசுப் பள்ளிக்கு என்ன வேலை என்ற கேள்வி முதல் நாளிலேயே எழுந்துவிட்டது.

1975-ல் கலிஃபோர்னியாவின் டாஃப்ட் நகரில் சில குடும்பங்கள் பள்ளி மாவட்டத்தின் மீது, அதாவது அந்தப் பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் அமைப்பின் மீது, வழக்குப் போட்டன. பிள்ளைகளுக்கு ரிட்டலின் கொடுக்கச் சொல்லிப் பள்ளி வற்புறுத்தியது என்பது புகார். அது சமரசத்தில் முடிந்தது. சமரசத்தில் முடிந்த வழக்கு அடுத்தவருக்குத் தீர்ப்பாகக் கைகொடுக்காது. அதனால் கோடு எங்கே என்று தெரிய இன்னும் காத்திருக்க வேண்டியிருந்தது.

அந்தக் கோட்டைப் போட்டது 1991-ல் நியூ ஹாம்ப்ஷயர் கூட்டாட்சி மாவட்ட நீதிமன்றம். வழக்கின் பெயர் வேலரி ஜே. எதிர் டெர்ரி கூட்டுறவுப் பள்ளி மாவட்டம். வழக்குக்குக் காரணமான பையனுக்குச் சிறப்புக் கல்வி தேவை என்பதில் சண்டை இல்லை. அந்தக் கல்வியோடு ரிட்டலினையும் முடிச்சுப் போட்டதில்தான் சண்டை. பெற்றோர் மருந்துக்குச் சம்மதிக்கவில்லை. நீதிமன்றம் சொன்னதன் சாரம் இதுதான்: இலவசமான, தகுந்த கல்வி அந்தப் பையனுக்குள்ள உரிமை, பெற்றோர் சம்மதம் இல்லாமல் அவனுக்கு மருந்து கொடுப்பதை அந்த உரிமைக்கு நிபந்தனையாக வைக்க முடியாது.

என் பார்வையில் இந்த வழக்கின் பலமே அதன் எளிமைதான். ரிட்டலின் தேவையா இல்லையா என்பதற்குள் நீதிமன்றம் போகவே இல்லை என்று சொல்லிவிடலாம். மருந்து அந்தப் பையனுக்கு நல்லதாகவே இருந்திருந்தாலும் தீர்ப்பு மாறியிருக்காது. கல்வி உரிமையைப் பணயமாக வைத்துச் சம்மதம் வாங்கக் கூடாது என்பதே அதன் அடித்தளம். ஆனால் மாவட்ட நீதிமன்றத் தீர்ப்பு நாடு முழுவதையும் கட்டுப்படுத்தாது. மற்ற மாநிலங்களில் பெற்றோர் அதை எடுத்துக்காட்டலாம், அவ்வளவுதான்.

அதே 1991 செப்டம்பரில் கூட்டாட்சிக் கல்வித் துறை ஒரு விளக்கக் குறிப்பு அனுப்பியது. ஏடிஎச்டி உள்ள பிள்ளைகளும் தகுதி இருந்தால் சிறப்புக் கல்வி பெறலாம் என்றது அது. நல்ல முடிவு. ஆனால் அதன்பிறகு பள்ளிக் கூட்டங்களில் ஏடிஎச்டி என்ற பெயருக்கு ஒரு புது மதிப்பு வந்தது. பெயரோடு உதவி வந்தது. அதே பேச்சில் மருந்தும் கூடவே வந்து உட்கார்ந்தது.

மதிய மணி அடித்ததும்

அந்தக் காலத்துப் பள்ளி நர்ஸ் அறையைக் கொஞ்சம் கிட்டே போய்ப் பார்க்க வேண்டும். சாதாரண ரிட்டலின் மாத்திரை நாலு மணி நேரம்தான் தாங்கும். காலை ஏழு மணிக்கு வீட்டில் போட்டால் பதினொன்றுக்கு இறங்கிவிடும். ஆகவே அடுத்த வேளையைப் பள்ளியில்தான் போட வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் நர்ஸ் அறை வாசலில் பிள்ளைகள் வரிசையாக நிற்பார்கள். உள்ளே பூட்டிய அலமாரி. அதில் மருந்துக்கடை லேபிளோடு அசல் குப்பிகள். ஒவ்வொன்றுக்கும் பெற்றோரும் மருத்துவரும் கையெழுத்துப் போட்ட படிவம். சின்னக் காகிதக் கோப்பையில் தண்ணீர். பிள்ளை விழுங்கியதும் பதிவேட்டில் நேரம் எழுதப்படும்.

இதில் தவறு எதுவும் இல்லை. மருத்துவர் எழுதியதைப் பள்ளி கொடுக்கிறது. ஆனால் நாள் தவறாமல் கையால் கொடுக்கும் ஒரு நிறுவனத்துக்கு, கொடுக்காத நாள் உடனே தெரியும். வகுப்பில் ஒரு பிள்ளை துள்ளினால், 'இன்றைக்கு மாத்திரை போட்டானா?' என்ற கேள்வி தானாக வாய்க்கு வரும். அதைத் தவறான எண்ணத்தோடுதான் யாரும் கேட்டார்கள் என்று நான் நினைக்கவில்லை. முப்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு தவிக்கும் ஆசிரியர் கேட்பதுதான். ஆனாலும் அந்தக் கேள்வியில் தொடங்கும் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு 2000-ஆம் ஆண்டு ஒரு பதில் கிடைத்தது.

நியூயார்க் மாநிலத் தலைநகர் ஆல்பனிக்கு அருகே ஏழு வயதுப் பையன் ஒருவன். ரிட்டலின் சாப்பிட்டு வந்தான். சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை என்று பெற்றோருக்குக் கவலை. கொஞ்ச நாள் நிறுத்திப் பார்க்கலாமே என்று நினைத்தார்கள். விஷயம் பள்ளி வழியாகக் குழந்தைகள் பாதுகாப்புத் துறைக்குப் போனது. பிள்ளையைக் கவனிக்காமல் விடுகிறார்கள் என்பது புகார். குடும்ப நீதிமன்றம் வரை போய் நின்றார்கள். பையனைப் பிரித்துவிடுவார்களோ என்ற பயத்திலேயே மாத்திரை தொடர்ந்தது.

அமெரிக்காவில் ஆசிரியர்கள் குழந்தைக் கொடுமையைக் கண்டால் கட்டாயம் புகார் செய்ய வேண்டியவர்கள். அந்தக் கடமை இல்லாவிட்டால் எத்தனையோ பிள்ளைகள் அடி உதையோடே வளர்ந்திருப்பார்கள். எனவே கடமையை நான் குறை சொல்லவில்லை. மருந்தை நிறுத்திப் பார்ப்பது என்பது மருத்துவரோடு பேசி முடிவு செய்ய வேண்டிய சாதாரண விஷயம். அதைக் கொடுமையின் கணக்கில் எழுதினால், பெற்றோர் பக்கவிளைவைப் பற்றி வாய் திறக்கவே பயப்படுவார்கள். அப்புறம் மருத்துவருக்கே உண்மை தெரியாமல் போகும்.

மாநிலங்கள் முந்திக்கொண்டன

1999 நவம்பரில் கொலராடோ மாநிலக் கல்வி வாரியம் ஒரு தீர்மானம் போட்டது. நடத்தை, கவனம், கற்றல் பிரச்சினைகளுக்குப் பள்ளி ஊழியர்கள் முதலில் கற்பிக்கும் முறையாலும் வகுப்பை நடத்தும் முறையாலும் தீர்வு தேட வேண்டும் என்றது. சட்ட பலம் இல்லாத தீர்மானம். ஆனால் பேச்சு சூடு பிடித்தது.

2001-ல் கனெக்டிகட் சட்டமே இயற்றியது. மாநிலச் சட்டமன்ற உறுப்பினரும் மருத்துவமனை அவசரப் பிரிவில் நர்ஸாக வேலை பார்த்தவருமான லென்னி விங்க்ளர் அதற்கு முன்னின்றார். சட்டத்தில் இரண்டு விஷயங்கள். எந்தக் குழந்தைக்கும் மனநல மருந்து கொடுக்கச் சொல்லிப் பள்ளி ஊழியர் பரிந்துரைக்கக் கூடாது; அதே நேரம், மருத்துவரிடம் காட்டிப் பாருங்கள் என்று பள்ளியின் மருத்துவப் பணியாளர்கள் சொல்லலாம். இரண்டாவது, பெற்றோர் மனநல மருந்து கொடுக்க மறுப்பது ஒன்றை மட்டும் வைத்துக் குழந்தையை அரசு காவலில் எடுக்க முடியாது. அந்த மறுப்பால் குழந்தை உண்மையிலேயே புறக்கணிப்புக்கோ கொடுமைக்கோ ஆளானால் மட்டும் வேறு. ஆல்பனியில் நடந்ததைத் தெரிந்துகொண்டு படித்தால் அந்த இரண்டாவது பகுதியின் அருமை புரியும்.

டெக்சாஸ் 2003-ல் இன்னும் ஒரு படி போனது. மருந்தைப் பரிந்துரைக்கவும் கூடாது, இன்ன நோய் என்று சொல்லவும் கூடாது. மருந்துக்கோ மனநல மதிப்பீட்டுக்கோ பெற்றோர் சம்மதிக்கவில்லை என்பதற்காகப் பிள்ளையை வகுப்பிலிருந்து நிறுத்தவும் கூடாது. பிள்ளையின் நடத்தையையும் படிப்பையும் பற்றிப் பெற்றோரிடம் பேசத் தடை இல்லை.

கூட்டாட்சி அளவில், ஜார்ஜியா உறுப்பினர் மேக்ஸ் பர்ன்ஸ் கொண்டுவந்த குழந்தைகள் மருந்துப் பாதுகாப்பு மசோதா 2003 மே மாதம் கீழவையில் 425-க்கு 1 என்ற கணக்கில் நிறைவேறியது. மேலவையில் அது நகரவில்லை. அதன் கருத்துதான் அடுத்த ஆண்டு சிறப்புக் கல்விச் சட்டம் திருத்தப்பட்டபோது உள்ளே நுழைந்தது. 2004 டிசம்பர் 3 அன்று ஜனாதிபதி ஜார்ஜ் டபிள்யூ. புஷ் கையெழுத்திட்டார்.

கண்ணை மூடச் சொல்லவில்லை

அந்தப் பிரிவின் இரண்டாம் பாதியை மேற்கோள் காட்டுபவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் முக்கியமானது அதுதான். வகுப்பில் பார்த்ததை ஆசிரியர் பெற்றோரிடம் பகிர்வதற்கு இந்தச் சட்டம் எந்தத் தடையும் போடவில்லை என்று அது தெளிவாகச் சொல்கிறது. படிப்பு எப்படி, நடத்தை எப்படி, சிறப்புக் கல்விக்கான மதிப்பீடு தேவையா என்பதையெல்லாம் பேசலாம்.

இது ஏன் வேண்டும் என்றால், பள்ளியை விட்டுவிட்டு ஏடிஎச்டியைக் கண்டறியவே முடியாது. அறிகுறிகள் குறைந்தது இரண்டு இடங்களில் தெரிய வேண்டும் என்பது அமெரிக்க மனநல மருத்துவர் சங்கத்தின் அளவுகோல். வீடு ஒன்று என்றால், மற்றது பெரும்பாலும் பள்ளி. மருத்துவர் இருபது நிமிடம் பார்க்கும் பிள்ளையை ஆசிரியர் நாளுக்கு ஆறு மணி நேரம் பார்க்கிறார். மருத்துவரும் ஆசிரியருக்கென்று கேள்விப் படிவம் அனுப்பித்தான் முடிவுக்கு வருகிறார். வாஷிங்டன் பகுதி மருத்துவர்களிடம் நடந்து 2003-ல் வெளியான ஆய்வு ஒன்றில், ஏடிஎச்டியாக இருக்கலாம் என்று முதலில் சொன்னவர்களில் ஏறத்தாழ 46 சதவீதம் பேர் ஆசிரியர்கள்.

ஆனால் ஆசிரியரின் கண்ணுக்கும் ஒரு சாய்வு உண்டு. 2018-ல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வந்த ஆய்வு இதை நெற்றியில் அடித்தாற்போலச் சொன்னது. செப்டம்பர் 1-க்குள் ஐந்து வயது நிரம்பினால்தான் பள்ளியில் சேரலாம் என்ற விதி உள்ள மாநிலங்களை எடுத்துக்கொண்டார்கள். அங்கே ஆகஸ்டில் பிறந்த பிள்ளை வகுப்பிலேயே சின்னவன். செப்டம்பரில் பிறந்தவன் கிட்டத்தட்ட ஒரு வருடம் மூத்தவன். ஏடிஎச்டி என்று முடிவு கட்டப்பட்டவர்கள் ஆகஸ்டில் பிறந்தவர்களில் 10,000-க்கு சுமார் 85 பேர், செப்டம்பரில் பிறந்தவர்களில் சுமார் 64 பேர். அதாவது 34 சதவீதம் அதிகம். ஒரே மாதம் பிந்திப் பிறந்தால் நோய் குறையுமா என்ன? ஆறு வயதுப் பிள்ளையின் சாதாரணத் துள்ளல், ஏழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில் குறைபாடாகத் தெரிகிறது.

இந்த இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் சட்டம் போட்ட கோட்டின் நியாயம் புரிகிறது. ஆசிரியர் பார்த்தது வேண்டும். ஆனால் அது மருத்துவர் எடைபோட வேண்டிய தகவல். 'உங்கள் பையனுக்கு ஏடிஎச்டி, மாத்திரை போட்டுவிட்டு அனுப்புங்கள்' என்று ஓர் ஆசிரியர் சொல்கிறார் என்று வையுங்கள். பெற்றோர் கையில் ஒரு முடிவு மட்டும்தான் இருக்கிறது. 'இந்த வாரம் கணக்கு வகுப்பில் நாலு நாளும் ஐந்து நிமிடத்துக்குள் எழுந்துவிட்டான். கதை வாசிக்கும்போது மட்டும் அரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தான்' என்று சொன்னால், மருத்துவருக்கு வேலை செய்ய ஏதோ கிடைக்கிறது. ஒருவேளை அவனுக்குக் கணக்குதான் சிக்கலோ என்று கேட்கவும் வழி பிறக்கிறது.

அதனால்தான் டெக்சாஸ் பாணித் தடையைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தயக்கம் உண்டு. எதைச் சொன்னால் வம்பு என்று தெரியாத ஆசிரியர் எதையுமே சொல்லாமல் இருந்துவிடுவார். சிகிச்சை கிடைத்திருந்தால் தேறியிருக்கக்கூடிய பிள்ளை, 'சோம்பேறி' என்ற பெயரோடு வருடத்தைக் கழிக்கும். நிபந்தனையைத் தடுப்பதில் கறாராகவும், பேச்சைத் தடுப்பதில் நிதானமாகவும் இருக்கும் கூட்டாட்சிப் பிரிவு இந்த இடத்தில் மேல்.

ஓட்டைகள்

மேல் என்றேன், முழுமை என்று சொல்லவில்லை. முதல் ஓட்டை மருந்துப் பட்டியல். தடை கட்டுப்பாட்டுப் பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு மட்டும். ஏடிஎச்டிக்கே 2002-ல் அங்கீகாரம் பெற்ற அடோமாக்ஸெட்டின் அந்தப் பட்டியலில் இல்லை. மனச்சோர்வுக்கான மருந்துகள் இல்லை. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளின் எரிச்சலுக்கு 2006-ல் அங்கீகரிக்கப்பட்ட ரிஸ்பெரிடோன் இல்லை. உடல் எடையைக் கணிசமாகக் கூட்டக்கூடிய மருந்து அது. பள்ளி ரிட்டலினைக் கேட்டால் இந்தப் பிரிவு பாயும். ரிஸ்பெரிடோனைக் கேட்டால் பாயாது. எல்லா மனநல மருந்துகளையும் சேர்த்து எழுதிய கனெக்டிகட், டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் குடியிருப்பவர்களுக்குக் கூடுதல் காப்பு. இந்த வேறுபாட்டுக்கு எந்த மருத்துவக் காரணமும் எனக்குத் தெரியவில்லை.

இரண்டாவது, தனியார் பள்ளி. இந்தப் பிரிவு அரசுக் கல்வி அமைப்புகளின் ஊழியர்களைக் கட்டுப்படுத்துவது. கட்டணம் வாங்கும் தனியார் பள்ளி போடும் சேர்க்கை நிபந்தனை அதன் வீச்சுக்கு வெளியே.

மூன்றாவதுதான் பெரியது. இந்தக் காலத்தில் யாரும் 'மாத்திரை போடாவிட்டால் வராதே' என்று எழுதிக் கொடுப்பதில்லை. வேலை நேரத்தில் தொலைபேசி அடிக்கும்: 'இன்றைக்கு முடியவில்லை, வந்து கூட்டிக்கொண்டு போங்கள்.' வாரத்துக்கு மூன்று தடவை அடித்தால் அம்மாவின் வேலை போய்விடும். அதன்பிறகு நடக்கும் கூட்டத்தில் மேசையைச் சுற்றி ஆசிரியர், சிறப்பாசிரியர், உளவியலாளர், துணைத் தலைமையாசிரியர் என்று நாலைந்து பேர். எதிரே தனியாக ஒரு அம்மா. 'டாக்டரிடம் பேசினீர்களா?' என்று ஒருவர் மென்மையாகக் கேட்பார். நிபந்தனை என்று எதையும் சுட்டிக்காட்ட முடியாது. நெருக்கடி மட்டும் முழுசாக இருக்கும். இப்படி முறையான உத்தரவு இல்லாமல் வீட்டுக்கு அனுப்புவதும் வகுப்பிலிருந்து நீக்கியதாகவே கணக்கில் வரக்கூடும் என்று 2022 ஜூலையில் கூட்டாட்சிக் கல்வித் துறை வழிகாட்டுதல் வெளியிட்டது. குறைபாடு உள்ள பிள்ளையை 10 பள்ளி நாட்களுக்கு மேல் நீக்கினால், அந்த நடத்தை குறைபாட்டால் வந்ததா என்று பள்ளி ஆராய்ந்தாக வேண்டும். தொலைபேசி அழைப்புகளைத் தேதி போட்டு எழுதி வைக்கும் பெற்றோருக்கு இது பெரிய ஆயுதம்.

எதிர்ப்பக்கமும் ஒரு கோடு

பள்ளி மருந்தைத் திணிக்கக் கூடாது என்றால், மருத்துவர் எழுதியதையெல்லாம் பள்ளி கொடுத்தே ஆக வேண்டுமா? மிசௌரி மாநிலத்திலிருந்து எட்டாம் வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றத்துக்கு 1997-லும் 1998-லும் இரண்டு வழக்குகள் போயின. இரண்டிலும் மருத்துவர் எழுதிய ரிட்டலின் அளவு, மருந்துக் கையேடு பரிந்துரைத்த உச்ச அளவைத் தாண்டியது. நர்ஸ் கொடுக்கத் தயங்கினார், பள்ளி மறுத்தது. பெற்றோர் பாகுபாடு என்று வழக்குப் போட்டார்கள். நீதிமன்றம் பள்ளியின் பக்கம் நின்றது. எல்லாப் பிள்ளைகளுக்கும் ஒரே மாதிரி வைத்த விதி அது, குறைபாட்டைக் காரணமாக வைத்து ஒதுக்கவில்லை என்பது காரணம். பெற்றோர் தாமே வந்து கொடுக்கவும் பள்ளி வழிவிட்டிருந்தது.

இது பெற்றோருக்குப் பிடிக்காத தீர்ப்பு. எனக்குச் சரியாகவே படுகிறது. பள்ளி இங்கேயும் சிகிச்சையை முடிவு செய்யவில்லை. அளவைக் குறைக்கச் சொல்லவில்லை, பிள்ளையை வராதே என்று சொல்லவில்லை. 'இந்த அளவை எங்கள் கையால் கொடுக்க மாட்டோம்' என்றது, அவ்வளவுதான். 2000-ல் பன்னிரண்டு மணி நேரம் தாங்கும் கன்செர்ட்டா வந்தபிறகு மதிய வேளை மாத்திரையே பல பிள்ளைகளுக்குத் தேவைப்படாமல் போய், நர்ஸ் அறையின் இந்தச் சங்கடமும் பெருமளவு குறைந்தது.

அமெரிக்காவில் பிள்ளைகளைப் படிக்க வைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பலருக்கு இந்தச் சட்டம் இருப்பதே தெரியாது. டீச்சர் சொன்னால் கேட்டுக்கொள்ள வேண்டும் என்ற வளர்ப்போடு கூட்டத்துக்குப் போய் உட்கார்கிறோம். அப்படிப் போகிறவர்கள் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொண்டு போனால் போதும். சிறப்புக் கல்விக்கான மதிப்பீட்டை எழுத்தில் கேளுங்கள். மருந்து தொடங்கியபிறகு பார்க்கலாம் என்று பள்ளி அதைத் தள்ளிவைக்கக் கூடாது. நீங்கள் சம்மதம் கொடுத்ததிலிருந்து 60 நாளுக்குள், அல்லது உங்கள் மாநிலம் வைத்திருக்கும் கெடுவுக்குள், அது முடிய வேண்டும். தகுதியை முடிவு செய்ய மருத்துவரின் கருத்து தேவை என்று பள்ளி சொன்னால், அந்தப் பரிசோதனைச் செலவு பள்ளியுடையது. மதிப்பீட்டின் முடிவு சரியில்லை என்று பட்டால் வெளியாரை வைத்துப் பள்ளிச் செலவில் இன்னொரு மதிப்பீடு கேட்கலாம்; பள்ளி ஒன்று அதற்குப் பணம் தர வேண்டும், இல்லையென்றால் தன் மதிப்பீடு சரிதான் என்று விசாரணையில் நிரூபிக்க வேண்டும். அதற்கும் மேல் மருந்தை நிபந்தனையாக வைத்தால், மாநிலக் கல்வித் துறைக்கு எழுத்துப் புகார் அனுப்பலாம். வக்கீல் தேவையில்லை, கட்டணம் இல்லை. பொதுவாக 60 நாளுக்குள் அவர்கள் முடிவு சொல்லியாக வேண்டும்.